'வெட்னரிதான் கிடைச்சிருக்கு' என்று சொல்பவர்களுக்கு



பதிவு கொஞ்சம் நீளம். என் வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்து கேட்டவர்கள்தானே, இதையும் படித்துவிடுவீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

பிளஸ் டூ முடிவு வந்து கலந்தாய்வு தொடங்கும் நாட்களில் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியனின் செல்போன் ஓயாது. இந்த முறை வந்த அழைப்புகளில் மூன்று ஒரே மாதிரி. "சார், பாப்பாவுக்கு எம்.பி.பி.எஸ். வர்ற மாதிரி தெரியல. வெட்னரிதான் கிடைச்சிருக்கு. ஒரு வருஷம் வீட்ல உக்கார வச்சு நீட்டுக்குத் திரும்பப் படிக்க வைக்கலாமா?" மூன்று பேரும் அந்தத் 'தான்' என்ற சொல்லை அழுத்திச் சொன்னார்கள். அதில் இருவர் என் மாணவர்கள், ஒருவர் உறவு. பெயர் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியும். உறவுக்காரர் வீட்டில் பெண்ணுக்கு அந்தப் படிப்பில் ஆசைதான். பாட்டிக்குத்தான் மனம் ஒப்பவில்லை. "பொம்பளப் புள்ளைய மாட்டாஸ்பத்திரிக்கு அனுப்பவா இவ்வளவு படிக்க வச்சோம்" என்கிறாராம்.

தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லோருக்குமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. என் கருத்து இதுதான்: கால்நடை மருத்துவம் மனித மருத்துவத்துக்குக் கீழே இருக்கும் இரண்டாவது படி என்ற எண்ணம் தவறு. விட்டுவிட வேண்டிய எண்ணம். ஏன் என்பதை நமக்கெல்லாம் தெரிந்த மஞ்சள் காமாலையை வைத்தே சொல்கிறேன்.

காமாலை என்பது நோயின் பெயர் இல்லை, ஒரு அறிகுறி. இதை வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! கல்லீரல் வீங்கிப் பித்தநீர்ச் சாயம் ரத்தத்தில் தேங்கினால் கண் மஞ்சளாகும். அதற்குப் பல காரணங்கள் உண்டு. வைரஸ்களிலேயே ஏ, பி, சி, டி, இ என்று ஐந்து வகை இருக்கின்றன. இதில் கடைசியான ஹெபடைட்டிஸ் இ வைரஸின் கதையில் நம் நாட்டுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

1955 நவம்பர் முதல் 1956 ஜனவரி வரை டெல்லியில் காமாலை கொள்ளைநோய் போலப் பரவியது. கண் மஞ்சளானவர்கள் மட்டும் சுமார் 29,000 பேர். யமுனை ஆற்றில் வெள்ளம் வந்து வடிந்தபோது நஜஃப்கர் வடிகாலின் கழிவுநீர், வசீராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடத்தில் கலந்துவிட்டது. சுத்திகரிப்பு நிலையத்தில் குளோரினைக் கூட்டிப் போட்டார்கள். டைபாய்டும் சீதபேதியும் பெருகவில்லை. காமாலை மட்டும் பெருகியது. பாக்டீரியாவுக்குப் போதுமானதாக இருந்த மருந்து வைரஸுக்குப் போதவில்லை. எல்லோரும் அதை ஹெபடைட்டிஸ் ஏ என்றே எண்ணினார்கள்.

1978-ல் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் மறுபடியும் அதே மாதிரி. அங்கே முகமது சுல்தான் குரூ என்ற மருத்துவர் கிராமம் கிராமமாகப் போய்க் கணக்கெடுத்தார். ரத்தத்தைச் சோதித்தால் ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை. இன்னொன்றையும் கவனித்தார். கர்ப்பிணிகளுக்கு இந்தக் காமாலை வந்தால் மற்றவர்களைவிட மிகக் கடுமையாக இருந்தது, உயிரிழப்பும் அதிகம். இது புதிய வைரஸாக இருக்க வேண்டும் என்று 1980-ல் எழுதினார். அதே ஆண்டு, புனே தேசிய வைராலஜி நிறுவனத்தாரும் அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் பர்செல் குழுவினரும் சேர்ந்து, 1955 டெல்லி நோயாளிகளிடமிருந்து எடுத்துப் பாதுகாத்திருந்த ரத்த மாதிரிகளைச் சோதித்தார்கள். அதுவும் ஹெபடைட்டிஸ் ஏ இல்லை என்று தெரிந்தது. கால் நூற்றாண்டு எடுத்து வைத்த ரத்தம் பேசியது என்றால் பாருங்கள்!

வைரஸை முதலில் கண்ணால் பார்த்தவர் மாஸ்கோவைச் சேர்ந்த மிகயீல் பலயான். ஆப்கானிஸ்தானில் இருந்த சோவியத் வீரர்களுக்குக் காமாலை கண்டது. அவர்களின் மலத்திலிருந்து எடுத்த சாற்றைத் தயிரில் கலந்து தானே குடித்தார் அந்த மனிதர். அவருக்கும் காமாலை வந்தது. பிறகு தன் மலத்திலேயே எலக்ட்ரான் நுண்ணோக்கி மூலம் வைரஸைக் கண்டுபிடித்து 1983-ல் வெளியிட்டார். (இதை யாரும் முயற்சி செய்ய வேண்டாம். பின்னாலிருந்து ஒருவன் இதைக் கேட்டிருப்பான் என்று எனக்குத் தெரியும்.)

இதுவரை எல்லாம் மனித மருத்துவம். இனிமேல்தான் நம் விஷயம் வருகிறது.

ஷியாங்-ஜின் மெங் என்று ஒரு விஞ்ஞானி. சீனாவில் மனித மருத்துவம் படித்தவர். பிறகு அமெரிக்காவில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போய், பன்றிகளைத் தாக்கும் வைரஸில் ஆராய்ச்சி செய்து முனைவர் பட்டம் பெற்றார். நம் ஊராக இருந்தால் "டாக்டருக்குப் படிச்சவன் பன்னி ஆராய்ச்சிக்குப் போயிட்டான்" என்று சிரித்திருப்போம். அதன் பிறகு அவர் மேலே சொன்ன பர்செலின் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

அன்று அமெரிக்காவில் ஹெபடைட்டிஸ் இ கிடையாது என்பதே பொதுவான எண்ணம். இந்தியா போன்ற நாடுகளுக்குப் போய் வந்தவர்களுக்கு மட்டும் வரும் என்பார்கள். ஆனால் வெளிநாட்டு வாசமே இல்லாத அமெரிக்கர் சிலரின் ரத்தத்தில் அந்த வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தது. அது எங்கிருந்து வந்தது? மெங் பன்றிப் பண்ணைகளுக்குப் போய்ப் பார்த்தார். வளர்ந்த பன்றிகளில் பெரும்பாலானவற்றின் ரத்தத்தில் அதே மாதிரி எதிர்ப்பொருள். குட்டிகளைத் தொடர்ந்து கவனித்தபோது அவையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொற்றுக்கு ஆளாயின. பன்றிக்கு நோயின் அறிகுறி எதுவும் இல்லை, நன்றாகத் தின்று கொழுத்துக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த வைரஸைப் பிரித்தெடுத்துப் பார்த்தால், மனித ஹெபடைட்டிஸ் இ வைரஸுக்கு நெருங்கிய பங்காளி. 1997-ல் இது வெளியானது. அடுத்த ஆண்டே அமெரிக்க நோயாளிகளிடம் கிடைத்த வைரஸும் பன்றியில் கிடைத்ததும் ஏறக்குறைய ஒன்று என்று தெரிந்தது. பன்றியின் வைரஸ் குரங்குக்குத் தொற்றியது, மனிதனுக்கு வந்தது பன்றிக்குத் தொற்றியது.

பின்னர் மெங் வர்ஜீனியாவில் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியரானார். 2001-ல் கோழியிலும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வைரஸைக் கண்டுபிடித்தது அவர் குழு. மளிகைக் கடைகளில் விற்ற பன்றி ஈரல் 127 பொட்டலங்களை வாங்கிச் சோதித்தார்கள். 14-ல் வைரஸின் தடயம் இருந்தது. 56 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தும் வைரஸ் சாகவில்லை. உள்ளே 71 டிகிரி வரும்படி ஐந்து நிமிடம் வேக வைத்தால் செத்தது. இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். 2003-ல் ஜப்பானில் மான் இறைச்சியைப் பச்சையாகச் சாப்பிட்ட சிலருக்குக் காமாலை வந்தது. மீதியிருந்த உறைந்த இறைச்சியைச் சோதித்தபோது அவர்கள் உடம்பில் இருந்த வைரஸே அதிலும் இருந்தது. நன்றாக வேக வைத்துச் சாப்பிடு என்று நம் அம்மாமார் சொன்னதற்கு எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று கணக்குச் சொன்னது அந்த ஆராய்ச்சி. இதே மெங்கை அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகம் 2016-ல் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

"நாங்க பன்னிக்கறி சாப்பிடுறதில்ல சார், எங்களுக்கு என்ன வந்தது?" என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. புனேயில் வித்யா அரங்கல்லே என்ற விஞ்ஞானியின் குழு நம் நாட்டுப் பன்றிகளைச் சோதித்து 2002-ல் முடிவை வெளியிட்டது. இங்கே மனிதர்களிடம் இருப்பது முதல் வகை வைரஸ். பன்றிகளிடம் இருப்பது நான்காம் வகை. இரண்டும் வேறு. முதல் வகை மனிதனிடமிருந்து மனிதனுக்குக் கழிவுநீர் கலந்த தண்ணீர் வழியாகப் போகிறது. ஆக, இங்கே காமாலைக் கொள்ளைநோய்க்குப் பன்றி மேல் பழி போட முடியாது. குடிநீர்க் குழாயும் சாக்கடையும் ஒன்றாகப் போகும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும். பன்றி காரணம் இல்லை என்று சொல்வதற்கும் ஒருவர் பன்றியின் ரத்தத்தை எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்திருக்காவிட்டால் ஊரெல்லாம் பன்றியைப் பிடித்துக்கொண்டிருப்போம், குழாய் உடைந்தபடியே கிடக்கும்.

இன்னொரு உதாரணம் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பேரப்பிள்ளைக்கு 6, 10, 14-ஆம் வாரங்களில் வாயில் சொட்டு மருந்து கொடுக்கிறார்களே, அதில் ரோட்டா வைரஸ் சொட்டு ஒன்று. 2008-ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 4.5 லட்சம் குழந்தைகளை அந்த வைரஸால் வரும் வயிற்றுப்போக்கு கொன்றது. அவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இந்தியக் குழந்தைகள். ஆஸ்திரேலியாவில் ரூத் பிஷப்பும் அவர் குழுவினரும் 1973-ல் குழந்தைகளின் குடலில் இந்த வைரஸைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1969-ல், அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் பேதியால் செத்துக்கொண்டிருந்த கன்றுக்குட்டிகளிடம் இதே இனத்து வைரஸைக் கால்நடை ஆய்வாளர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

1980-களின் நடுவில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் எம்.கே. பான் குழுவினர் ஒரு விந்தையைப் பார்த்தார்கள். பிறந்த குழந்தைகள் சிலருக்கு ரோட்டா வைரஸ் தொற்றியிருந்தது, ஆனால் பேதி இல்லை. அந்த வைரஸுக்கு 116இ என்று பெயர். அதன் பதினொரு மரபணுத் துண்டுகளில் பத்து மனித ரோட்டா வைரஸுடையவை, ஒன்று மாட்டு ரோட்டா வைரஸுடையது. இயற்கையே எங்கோ ஒரு குடலுக்குள் இரண்டையும் கலந்து வைத்திருந்தது. அதிலிருந்து செய்ததுதான் ரோட்டாவேக் என்ற நம் நாட்டுத் தடுப்புமருந்து. டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதித்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் அந்தப் பணியை நடத்தியவர் ககன்தீப் காங். முதல் ஆண்டில் கடுமையான ரோட்டா பேதி பாதிக்கு மேல் குறைந்தது. 2016-ல் தேசியத் திட்டத்தில் நான்கு மாநிலங்களில் தொடங்கி, அடுத்த ஆண்டு தமிழ்நாட்டுக்கும் ரோட்டா சொட்டு வந்தது. மாட்டாஸ்பத்திரி என்று முகம் சுளிக்கிறோம். மாட்டு வைரஸின் ஒரு துண்டு சேர்ந்த மருந்து நம் நாட்டுக் குழந்தைகளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

இப்போது நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். "சார், வெட்னரி படிக்கிற எல்லாரும் மெங் ஆயிடுவாங்களா? நம்ம புள்ள ஏதோ ஒரு கிராமத்து டிஸ்பென்சரியில மாட்டுக்கு சினை ஊசி போட்டுக்கிட்டு இருக்கும்."

நியாயமான கேள்விதான். எல்லோரும் விஞ்ஞானி ஆக மாட்டார்கள். எம்.பி.பி.எஸ். படிக்கிற எல்லோரும் பெரிய இதய நிபுணர் ஆகிவிடுகிறார்களா? கிராமத்து டிஸ்பென்சரியில் இருக்கும் கால்நடை மருத்துவரின் வேலையைக் கொஞ்சம் பக்கத்தில் இருந்து பாருங்கள். தெருநாய்க்குத் தடுப்பூசி ஒழுங்காகப் போட்டால் மனிதனுக்கு ரேபிஸ் வராது. திடீரென்று செத்த மாட்டை அறுக்க விடாமல் ஆழக் குழி தோண்டிப் புதைக்கச் சொல்பவர் ஊரை ஆந்த்ராக்ஸிலிருந்து காப்பாற்றுகிறார். கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொடாதே என்று சொல்பவர் அந்த வீட்டுப் பெண்ணைப் புருசெல்லா காய்ச்சலிலிருந்து காப்பாற்றுகிறார். இவை எதற்கும் நன்றி வராது. வராத நோய்க்கு யார் நன்றி சொல்வார்கள்? இதுபோக, கறவை மாட்டை நம்பிக் கடன் கட்டும் குடும்பத்துக்கு அந்த மாடு பிழைப்பது என்பது என்ன என்று பால் சொசைட்டிக்குக் கேன் தூக்கியவர்களுக்குத் தெரியும்.

சம்பளம், இடமாற்றம், அரசு வேலைக்குக் காத்திருப்பது எல்லாம் உண்மைதான், மறைக்கவில்லை. ஐந்தரை ஆண்டு கடினமான படிப்பு. ஆனால் இந்தக் கஷ்டங்களில் எது மனித மருத்துவத்தில் இல்லை? பெண்பிள்ளை எப்படிச் செய்யும் என்ற கேள்விக்கு, ஒருமுறை வேப்பேரிக் கல்லூரிக்குப் போய் வகுப்பறையை எட்டிப் பாருங்கள். 1903-ல் தொடங்கிய கல்லூரி அது. அங்கே பசுவின் வயிற்றில் கை விட்டுக் கன்றை எடுக்கக் கற்றுக்கொள்ளும் பெண்களிடம் கேளுங்கள்.

நான் யாரையும் வற்புறுத்தவில்லை. பிள்ளைக்கு உண்மையிலேயே மனித மருத்துவத்தில்தான் மனம் இருக்கிறதென்றால் ஒரு வருடம் படிக்கட்டும், தவறில்லை. ஆனால் பிள்ளைக்குக் கால்நடை மருத்துவத்தில் ஆசை இருந்து, பெற்றோருக்குத் திருமணப் பத்திரிகையில் போட எம்.பி.பி.எஸ். என்ற எழுத்து வேண்டும் என்பதற்காக அந்த ஒரு வருடம் பறிபோகிறது என்றால், அது அநியாயம். நம் மாநில ஒதுக்கீட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்குக் கிடைக்கும் இடம். அதை விட்டுவிட்டால் அடுத்த ஆண்டு அதே இடம் காத்திருக்காது.

கடைசியாக ஒன்று. காமாலையைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் போனால் பதிவு முழுமையாகாது.

நான் வேலை பார்த்த ஊர் ஒன்றில், ஒரு கோடையில் பத்துப் பதினைந்து வீடுகளில் காமாலை வந்தது. எங்கள் பள்ளி அலுவலக ஊழியர் ஒருவரின் மனைவிக்கு அப்போது எட்டாவது மாதம். பக்கத்து ஊரில் காமாலைக்கு மருந்து கொடுப்பவரிடம் கூட்டிப்போனார்கள். மூன்று வேளை மருந்து, உப்பில்லாப் பத்தியம். அதே வாரம் அதே மருந்தைச் சாப்பிட்ட மற்றவர்கள் குணமானார்கள். அந்தப் பெண்ணுக்கு ஐந்தாம் நாள் பேச்சுக் குழறியது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தும் தாயும் பிள்ளையும் தங்கவில்லை. மருந்து கொடுத்தவர் கெட்டவர் இல்லை, காசும் வாங்காதவர். ஆனால் ஏ, இ வகைக் காமாலை பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். அந்த நேரத்தில் யார் என்ன கொடுத்தாலும் பெயர் அவருக்குப் போகும். நூறு பேர் குணமானதைப் பார்த்த ஊர், கர்ப்பிணிக்கு அது வேறு நோய் மாதிரி நடந்துகொள்ளும் என்பதைப் பார்ப்பதில்லை. ஹெபடைட்டிஸ் இ கடைசி மூன்று மாதத்தில் வந்தால் நான்கு, ஐந்து பேரில் ஒருவரை இழக்க நேரிடலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அதனால் நம் குடும்பங்களில் இதைக் கட்டாயமாக வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானால், சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகப் போனால், சாப்பாடு பிடிக்காமல் வாந்தி வந்தால், அன்றைக்கே எல்லா வசதியும் உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். கல்லீரல் சோதனையோடு ரத்தம் உறையும் நேரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பேச்சில் குழப்பம், அளவுக்கு மீறிய தூக்கம், ஈறில் ரத்தம் தெரிந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். தெருவில் இரண்டு வீட்டில் காமாலை என்று கேள்விப்பட்டால் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். ஊராட்சியிலோ நகராட்சியிலோ எழுத்தில் புகார் கொடுத்துக் குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள். குழாய் சாக்கடைக்குள் ஓடுகிறதா என்று நீங்களும் போய்ப் பாருங்கள்.

கர்ப்பிணியிடம் கவனம் வை என்று சொன்னது ஒரு மனித மருத்துவர். எந்த வைரஸ் எங்கே ஒளிந்திருக்கிறது என்று சொன்னது பன்றிக் கொட்டகைக்குள் போனவர்கள். இரண்டு பேரும் இல்லாமல் இந்த அறிவு நமக்குக் கிடைத்திருக்காது.

இந்த ஆண்டு உங்கள் வீட்டிலோ தெருவிலோ கால்நடை மருத்துவத்தில் இடம் வாங்கிய பிள்ளை இருந்தால், பெயரையும் ஊரையும் எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். என் பழைய மாணவர்களில் கால்நடை மருத்துவர்களாக இருப்பவர்கள் பலர். பேசி வைக்கிறேன். புத்தகம், விடுதிக் கட்டணம் என்று கஷ்டப்படும் பிள்ளை என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். நாம் சேர்ந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் விலங்கியல் வாத்தியார்